சந்தன சோப்பு

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குக் கிளம்புமுன் காருக்கு அடியில் கையை விடுவது மனைவி யோகத்தின் வேலை. சுஜீந்திரனின் அறுபது வயதுக் காரில் பெட்ரோல் டேங்க் ஒழுகும். அவள் தன் சந்தன சோப்பில் ஒரு துண்டைக் கிள்ளி, நனைத்துக் குழைத்து, ஓட்டையில் வைத்துப் பெருவிரலால் அழுத்திவிடுவாள். ஈசூன் வீட்டுக்குத் திரும்பும்வரை ஒரு சொட்டு விழாது.

யோகம் இறந்து ஏழு மாதமாகியும் ஒரு சொட்டு விழவில்லை. துருவேறி அடைத்துக்கொண்டது போலும் என்று அவர் நினைத்தார். இருந்தாலும் புக்கிட் பாத்தோக்கில் ஒரு பட்டறையில் காட்டினார்.

“சோப் வச்சு எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க அங்கிள், டேஞ்சர் லா,” என்றான் மெக்கானிக் ரித்திக். “இன்னைக்குக் காலையில வச்சதா? ஈரங்கூடக் காயல.”

அவர் குனிந்து பார்த்தார். சோப்பில் பெருவிரல் பதிந்திருந்தது. ரேகைகளுக்குக் குறுக்கே ஒரு கோடு. எப்போதோ மீன் வெட்டும்போது யோகத்துக்குப் பட்ட காயத்தின் தழும்பு அது.

“தொடாதீங்க தம்பி,” என்று அவர் சொல்வதற்குள் ரித்திக் அதைச் சுரண்டி எடுத்துவிட்டான். டேங்கைக் கழற்றி, வெல்டிங் வைத்து, மறுநாள் கொடுத்தான்.

அதன்பிறகு ஒழுகவேயில்லை. ஏழு மாதமாக யாரும் தொடாமலே தேய்ந்துவந்த சந்தன சோப்பு, குளியலறையில் காய்ந்து வெடித்தது.

நான்காவது சனிக்கிழமை அவர் அந்த சோப்பை நனைத்துக் காருக்குப் பக்கத்தில் வைத்தார். ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். மெள்ளத்தான் தட்டினார். ஓட்டை பெரிதாகிவிடக் கூடாது. அவள் பெருவிரல் மூடும் அளவு போதும்.