சொருகி வைத்த கொத்தமல்லி

கரண்டிக் காம்பால் மண்ணில் ஒரு குழி. அதில் ஒரு கொத்தமல்லித் தண்டு. விரலால் இரண்டு அழுத்து. அப்புறம் அடுத்த குழி.

விடிவதற்குள் மூன்று தொட்டியும் நிறைந்துவிட வேண்டும். உள்ளே தையல்காரர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. அவள் கையைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினாள்.

கொத்தமல்லி பரவாயில்லை, கடையில் வேரோடு கட்டித் தருகிறார்கள். புதினாதான் படுத்தும். நிற்கச் சொன்னால் படுக்கும். ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்கிற செடி அது. இந்தத் தொட்டியில் மட்டும் எதுவும் பிடிப்பதில்லை.

காரணம் அவள் புருஷன், அந்தத் தையல்காரர்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றியதை மறந்து மறுபடி ஊற்றுவார். காபி குடித்ததும் ஊற்றுவார், குளித்ததும் ஊற்றுவார், சாப்பிட்ட கையைக் கழுவப் போனவர் சொம்போடு திரும்பி வந்து ஊற்றுவார். சொம்பை ஒளித்து வைத்துப் பார்த்தாள். வீடு முழுக்கத் தேடிவிட்டு, டம்ளரில் மொண்டு கொண்டுவந்து ஊற்றினார்.

முதல் தடவை வேரெல்லாம் அழுகிச் செடிகள் சாய்ந்தபோது, அவர் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய பெரிய ஆளையெல்லாம் கையைத் தூக்கி நிற்கச் சொல்லி அளவெடுத்த மனுஷன், இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு இறங்கவில்லை. என்ன கேட்டாலும், நான்தான் கொன்னுட்டேன் என்பது ஒன்றே பதில். தூக்கி நிறுத்திச் சாப்பிட வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இன்னொரு தடவை அவர் அப்படி உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். அது அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தச் சொருகல்.

மகள் போனில் சத்தம் போட்டாள். பேசாமல் பிளாஸ்டிக் செடி வாங்கி வையேன், அப்பாவுக்கு என்ன தெரியப் போகிறது என்றாள். வாசனை தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு இவள் போனை வைத்துவிட்டாள். கீரைக்காரிக்கு வேறு சந்தேகம். ரெண்டே ரெண்டு பேருக்கு தினம் இத்தனை கட்டா, ரகசியமாக ஹோட்டல் நடத்துகிறாயா என்று கேட்டுச் சிரித்தாள். இவளும் சிரித்து வைத்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, அதனால்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு தண்டைக் குத்தும்போதும் அவரை ஏமாற்றுகிறோமே என்று இருக்கும். இப்போது அதெல்லாம் இல்லை. பல் தேய்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

நகத்து மண்ணைக் கழுவிவிட்டு வந்தபோது அவர் எழுந்து வந்திருந்தார். கழுத்தில் இஞ்ச் டேப். கையில் துணி வெட்டுகிற கத்தரி. வெயில் ஏறினால் செடியெல்லாம் துவண்டு குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் அவராகவே இவ்வளவு சீக்கிரம் அறுக்க வந்தது நல்லதாகப் போயிற்று.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இடது கையால் அடித்தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கணுவுக்கு மேலே ஒரு நறுக். ஓர் இலைகூடக் கசங்கவில்லை. அந்தக் கை மட்டும் இன்னும் எதையும் மறக்கவில்லை.

நாலைந்து தண்டு தட்டில் விழுந்தது. அடுத்ததை அவர் தொட்டதுமே அது வேரோடு கையில் வந்துவிட்டது.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர் அதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதே குழியில் பக்குவமாக இறக்கி, சுற்றிலும் மண்ணை அணைத்து, தட்டிக் கொடுத்தார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"வேர் பிடிச்சதுக்கும் சொருகி வெச்சதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாம்மா? எல்லாம் ஓட்டுத்தையல், இழுத்தா கையோட வந்துடும். என் வீட்டுக்காரிதான், பாவம், தினம் கடையில வாங்கிட்டு வந்து நட்டு வெக்கிறா. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா."

அவளும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நேற்று ராத்திரி மாத்திரை கொடுத்தபோதுகூட, கசக்குதுடி என்று அவள் கையைத் தட்டிவிட்டவர்.

"சொல்ல மாட்டேங்க," என்றாள்.

அவருக்கு நிம்மதி. இன்னும் கொஞ்சம் அறுத்தார். தட்டில் கிடந்ததில் பாதியைப் பிரித்து, நுனியெல்லாம் ஒரு பக்கமாக இருக்கும்படி ஒழுங்காக அடுக்கி அவளிடம் நீட்டினார். வெறுங்கையோடு போக வேண்டாமாம். அவள் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கொண்டுபோக வேண்டுமாம்.

அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.