ஓதச் சுவரில் ஒரு காலண்டர்

வாடகை வீட்டுச் சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை படர்ந்தது. வீட்டுக்காரர் அதைச் சரிசெய்யாமல் மேலே ஒரு பெரிய காலண்டரை மாட்டிவிட்டார்.

"நீங்க மறைச்சுக்கிட்டே இருங்க, நான் நிம்மதியா வளர்ந்துக்கிறேன்" என்றது பூஞ்சை.

காலண்டருக்கு முதுகெல்லாம் நசநசத்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி வீடு பார்க்க வந்ததும், அது தன்னைத் தாங்கிய துருப்பிடித்த ஆணியிடம் சொன்னது: "தம்பி, இன்னிக்கு நான் விழுந்தே தீருவேன். பிடியை விடு."

ஆணி விட்டது. காலண்டர் தொப்பென்று விழுந்தது.

சுவரைப் பார்த்தவள் குழந்தையின் மூக்கைப் பொத்தினாள்.

"காத்துல விழுந்துடுச்சும்மா" என்று அசடு வழிந்த வீட்டுக்காரர், அதே இடத்தில் பெரிய ஆணியாக வைத்து ஓங்கி அடித்தார். காரை மொத்தமும் பெயர்ந்து அவர் தலையிலேயே கொட்டியது.

"இப்போ மாட்டுங்க பார்ப்போம்" என்றது கீழே கிடந்த காலண்டர்.