ஊசி உருளை

மகளின் கன்னத்தில் சிவப்புப் புள்ளிகள்.

பருவாக இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். இவை வரிசையாக இருந்தன.

தோசைத் திருப்பியை அவள் மேடையில் வைத்தாள்.

"இது என்னடி?"

"உன் ரோலர்தாம்மா." மதிவதனி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாப்கின் டப்பால ஒளிச்சு வச்சா எனக்குத் தெரியாதா? நேத்து சாயங்காலம் பருத்தழும்பு மேல உருட்டிப் பாத்தேன். ரத்தம் வந்துருச்சு. இன்னும் எரியுது."

மகளுக்கு எதிரே கணவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

அவள் அடுப்பை அணைத்தாள். 

ஒரு சின்னக் கைப்பிடி. அதன் நுனியில் உருளை. உருளை முழுக்க முடி போல மெல்லிய ஊசிகள். கண்ணோரச் சுருக்கம் போகும் என்று ஆன்லைனில் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு உருட்டுவாள். நாற்பத்து மூன்று வயதில் இந்தக் கூத்தா என்று கணவன் சிரிப்பான். அதனால் அவன் கை எந்தக் காலத்திலும் போகாத இடமாகப் பார்த்து ஒளித்தாள்.

மகளின் கை மாதாமாதம் போகிற இடம். அது மட்டும் புத்தியில் உறைக்கவில்லை.

சுருக்கம் வயதால் வந்ததும் இல்லை. பதினோரு மாதமாக அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது.

அவள் எழுத்தராக இருக்கும் பள்ளியில் ரத்த தான முகாம் நடந்தது. எல்லோரும் கொடுத்தார்கள், அவளும் கொடுத்தாள். பத்தாம் நாள் ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள்.

ஹெபடைடிஸ் பி என்றார் டாக்டரம்மா. ஈரலைத் தாக்கும் கிருமி, ரத்தத்தில் இருக்கிறது. இப்போதைக்கு ஒன்றும் செய்யாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை போதும். வீட்டில் இருப்பவர்களையும் கூட்டி வாருங்கள்.

அவள் கூட்டிப் போகவில்லை.

யாரிடமிருந்து வந்தது என்று அவன் கேட்பான்.

எப்படியெல்லாம் வரும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தார். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வரலாம். ஏற்றிய ரத்தத்தில் வரலாம். சுத்தமில்லாத ஊசியில் வரலாம். படுக்கையில் வரலாம். இதை அவனிடம் சொன்னால் கடைசி வார்த்தை மட்டும்தான் அவன் காதில் விழும்.

வாயை மூடிக்கொண்டாள்.

தனக்கென்று தனி நகவெட்டி வைத்துக்கொண்டாள். தனித் துண்டு. ஊக்கைக்கூட யாருக்கும் கொடுப்பதில்லை. அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம் முற்றிவிட்டது என்று அப்பாவும் மகளும் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நேற்று உருட்டி முடித்தபோது தண்ணீர் கேன்காரர் மணியடித்துக்கொண்டே இருந்தார். உருளையை டெட்டாலில் ஊறப்போட நேரமில்லை. ஈரத்தோடு டப்பாவுக்குள் திணித்துவிட்டு ஓடினாள்.

அந்த ஈரத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.



யாருக்காவது ரத்தம் பட்டுவிட்டால் ஒரு நாளுக்குள் கூட்டி வாருங்கள், ஊசி இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சாயங்காலம் ஆறு என்று வைத்துக்கொண்டாலும் பதிமூன்று மணி நேரம் போய்விட்டது.

குழந்தையிலேயே தடுப்பூசி போட்டிருந்தால் பயமில்லை என்றும் சொன்னார். மதிவதனிக்கு எல்லா ஊசிக்கும் அவள்தான் தூக்கிக்கொண்டு போனாள். இந்தப் பெயரில் ஒன்று போட்டதாக நினைவே இல்லை.

தோல் டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போகலாம். ஆனால் ஒரு ஊசியோடு முடியாது. மூன்று தடவை போக வேண்டும். மூன்று பொய். இவளோ அப்பா செல்லம். இரவுக்குள் எல்லாம் அவன் காதுக்குப் போய்விடும்.

மதிவதனி கன்னத்தைச் சொறிந்தாள்.

"தொடாதே!"

அவள் கத்திய கத்தலில் பேப்பர் தாழ்ந்தது.

"என்னாச்சு?" என்றான்.

அவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்குங்க. பதினோரு மாசமாத் தெரியும். சொல்லப் பயமா இருந்துச்சு. நான் உருட்டின ஊசிய இவ முகத்துல உருட்டிக்கிட்டா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டிய எடுங்க."

சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். கேள்விக்காகக் காத்திருந்தாள்.

கேள்வி வரவில்லை.

பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. முதலில் இரண்டாக. பிறகு நான்காக.

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது," என்றான். குரல் இறங்கியிருந்தது. "நாலு வயசுல நானே மூணு தடவை கூட்டிட்டுப் போய் அந்த ஊசியப் போட்டுட்டேன். நீ ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப. சீட்டு எங்கிட்ட இருக்கு."

அவளுக்கு அழுகை முட்டியது. மகளின் தலையை இழுத்து வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கடவுளே, கடவுளே என்று வாய் முணுமுணுத்தது.

"என்ன ஊசிப்பா?" என்றாள் மதிவதனி, சேலைக்குள்ளிருந்து.



நாலு வயதில். இப்போது பதினேழு. அப்படியென்றால் பதிமூன்று வருடம்.

அவள் அதற்கு முன் கேள்விப்பட்டே இராத ஊசி. அவன் அதைத் தேடிப் போயிருக்கிறான். அவளுக்குத் தெரியாமல் மூன்று முறை போயிருக்கிறான். தன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவன் அப்படிப் போக மாட்டான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் மேசையில் சிந்தியிருந்த சட்னியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு?" என்று கேட்டாள்.