உலைவாய்

“எரியுற எண்ணெய்ல தண்ணியை ஊத்தின புண்ணியவான் யாரு?” புண்ணைத் துடைத்தபடியே நர்ஸ் கேட்டாள்.

“நான்தான்.”

கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். இடது கையில் முழங்கை வரை தோல் வழன்றிருந்தது. புருவம் பாதி இல்லை.

“நல்லாக் கேளும்மா,” என்றாள் பக்கத்தில் நின்ற அவன் அக்கா. “இவன் பொண்டாட்டி தீயணைப்பு நிலையத்துல பயிற்சி கொடுக்கறவ. ஓட்டல் ஓட்டலாப் போயி, எண்ணெய் பத்திக்கிட்டா தண்ணி ஊத்தாதீங்க, அடுப்பை அணைச்சுட்டு சட்டி வாயை மூடுங்கன்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறா. தண்ணி பட்டா ஆவியா வெடிச்சு நெருப்பை மூஞ்சியில அடிக்கும்னு எனக்கே தெரியும். கூடவே குடித்தனம் பண்றவனுக்குத் தெரியல.”

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மனைவி கதவோரம் நின்றிருந்தாள். வேலை முடிந்து வந்த சீருடையைக்கூட மாற்றவில்லை. கண் நடைவழியிலேயே இருந்தது. நிலைய அதிகாரி வந்துகொண்டிருப்பதாக ஃபோன் வந்திருந்தது.

“கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே, சிஸ்டர்?”

“இதோட எத்தனை தடவை கேட்டுட்டீங்க? கண்ணு நல்லா இருக்கு. புருவம் வளர்ந்துடும்.”

“புருவம் வளரும். மானம் வளருமா?” என்றாள் அக்கா. “மாடி வீட்டுக்காரி படிக்கட்டுல நின்னே சிரிக்கிறா. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நாளைக்கு இவ வகுப்பெடுக்கப் போனா, முதல்ல உன் வீட்டு நெருப்பை அணைச்சுட்டு வாம்மான்னு சொல்ல மாட்டானுங்க?”

“அக்கா, அது வந்து...” என்று மனைவி ஆரம்பித்தாள்.

“நீ வாயை மூடு,” என்றான் அவன்.



“பாத்தியாம்மா?” அக்கா நர்ஸைப் பார்த்தாள். “செய்யறதையும் செஞ்சுட்டு, அவளைப் போய் அதட்டறான். கைதான் வெந்திருக்கு, கொழுப்பு அப்படியே இருக்கு.”

 அதற்குப்பிறகு நர்ஸ் துடைத்த துடைப்பில் கொஞ்சம் அழுத்தம் கூடியிருந்தது. அவன் ‘ஸ்ஸ்’ என்றான்.

அதிகாரி வந்துவிட்டார். பூட்ஸ் சத்தம் கேட்டதுமே மனைவி நிமிர்ந்து நின்றாள். அவர் காயத்தைக் குனிந்து பார்த்தார். “நல்லவேளை, இத்தோட போச்சு,” என்றார். பிறகு அவளிடம் திரும்பினார்.

“சுத்தி வளைக்க விரும்பல. நாளைக்கு நீங்க போக வேண்டிய கேன்டீன்ல இருந்து அதுக்குள்ள ஃபோன் வந்துடுச்சு. பயிற்சி கொடுக்கறவங்க வீட்டுலயே எண்ணெய்ல தண்ணி ஊத்தினாங்களாமேன்னு கேக்கறாங்க. வீட்டுல வேற யாரோ ஊத்தினாங்கன்னா நான் சமாளிச்சுக்குவேன். நீங்களே ஊத்தியிருந்தீங்கன்னா, இனிமே உங்களை வகுப்பெடுக்க அனுப்ப முடியாது. யார் ஊத்தினது?”

அவள் ஓரடி முன்னால் வந்தாள். “சார், நான்...”

“அவளை ஏன் சார் கேக்கறீங்க?” அவன் எழுந்துவிட்டான். நர்ஸ் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். “ஊத்தினவன் நான் இங்க உட்கார்ந்திருக்கேன். அவ அப்பத்தான் வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தா. சத்தம் கேட்டு ஓடி வந்து கேஸை அணைச்சு, தட்டைப் போட்டு மூடினதே அவதான். இல்லேன்னா நான் இந்நேரம் கரிக்கட்டை.”

“வீட்டுல இவங்க சொன்னதே இல்லையா?”

“தினமும் சொல்லுவா. வீட்டுல எவன் சார் பொண்டாட்டி பேச்சைக் காதுல வாங்கறான்?”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தில் இருந்த இறுக்கம் போயிற்று.

“நாளைக்கு இதையே சொல்லி ஆரம்பிங்க,” என்றார் அவளிடம். “இவர் கதையைச் சொன்னா ஒருத்தரும் மறக்க மாட்டாங்க.”

அவள் சிரிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் போனபின் நர்ஸ் கட்டுப்போட்டு முடித்தாள். களிம்பை மேசைமேல் வைத்து, “காலையிலும் ராத்திரியிலும் போடணும். தண்ணி படக் கூடாது. உங்களுக்குத் தனியாச் சொல்லணும்,” என்று குத்திக்காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அக்கா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டாள்.

“இந்த ஜன்மத்துல இவனுக்குப் புத்தி வராது. உன் தலையெழுத்து,” என்று தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

திரைக்குப் பின்னால் இருவர் மட்டும்.

“நாளைக்கு நான் எந்த வாயால பாடம் எடுக்கிறது?” அவள் குரல் எழும்பவே இல்லை.

“இருக்கிற வாயாலதான்.”

“ஊரார் வீட்டு நெருப்புல ஒரு நாளும் எனக்குக் கை நடுங்கினதில்லைங்க.”

அவன் களிம்பை எடுத்தான். அவளுடைய சட்டையின் வலது கைப் பொத்தானைக் கழற்றி, மெல்ல மேலே சுருட்டினான். சொம்புத் தண்ணீரை வீசிய கை. மணிக்கட்டிலிருந்து மேலே எண்ணெய் தெறித்த கொப்புளங்கள். ஒவ்வொன்றாகத் தடவிவிட்டு, சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டான்.