காற்றுப் போகாத இடம்

"இருக்கு" என்று சொல்லிவிட்டு டாக்டர் சிரித்தார்.

தையல்காரம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கணவரின் நுரையீரல் கட்டியில் ஒரு பொல்லாத ஜீன் விழித்திருக்கிறதா என்று பார்க்கச் சதைத் துணுக்கு எடுத்து அனுப்பியிருந்தார்கள். அது இருக்கிறதென்றால் இதில் சிரிக்க என்ன கிடக்கிறது?

பொல்லாதது என்று அன்றைக்குச் சொன்னவரும் இதே டாக்டர்தான். கட்டி வளர வளர, நடுவில் காற்றுப் போகாதாம். அப்படியே மூச்சு முட்டிச் செத்துத் தொலைய வேண்டியதுதானே? தொலையாதாம். மூச்சு முட்டுகிற நேரம் பார்த்து அந்த ஜீன் விழித்துக்கொண்டு கட்டியைக் காப்பாற்றிவிடுமாம். பரவவும் வழி பண்ணிக் கொடுக்குமாம்.

'இருக்கு' என்றதோடு அவள் காது அடைத்துவிட்டது. அதற்கப்புறம் டாக்டர் கையை ஆட்டி ஆட்டி ஏதேதோ சொன்னார். அவளும் தலையை ஆட்டி ஆட்டி வைத்தாள்.

வெளியே பெஞ்சில் கண்டக்டரம்மா இடம் பிடித்து வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கும் இதே கட்டி, இதே சோதனை. பஸ் ஞாபகத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நாலு பேரை அதட்டி நகர வைத்துவிட்டு, தானே சிரிக்கிறவள்.

"இருக்காம்" என்றாள் தையல்காரம்மா.

கண்டக்டரம்மா அவள் தோளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அழாதீங்கக்கா, நான் இருக்கேன்ல. எங்களுக்கு அது இல்லைன்னுட்டாங்க. பாழாப்போனது, உங்களையும் விட்டிருக்கக் கூடாதா!"

தன் நல்ல சேதியைச் சொல்ல அவளுக்கே கூசியது. 'இல்லை' என்று காதில் விழுந்ததுமே துள்ளி எழுந்து வந்துவிட்டாளாம். மீதியைக் கேட்க யார் நின்றார்கள்!

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "தையல்காரம்மா, என்ன உக்காந்துட்டீங்க? வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. புது மருந்து இன்னைக்கே ஏத்தணும்னு டாக்டர் சொன்னாரே."

"எங்க வீட்டுக்காரரும் கீழதான் இருக்காரு சிஸ்டர். அவரையும் கூட்டிட்டு வந்துடட்டுமா?"

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இல்லம்மா. அந்த ஜீன் இருக்கிற கட்டியிலதான் அந்த மருந்து வேலை செய்யும். அது இல்லாதவங்களுக்கு... டாக்டர் சொல்லலையா?"

கதவு மூடிக்கொண்டது.

"அப்ப எங்களுக்கு என்னக்கா?" என்று கண்டக்டரம்மா தையல்காரம்மாவிடம் கேட்டாள்.

எழுந்து போக வேண்டும். கீழே அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

தோள்மேல் கிடக்கிற இந்தக் கையை எப்படி எடுப்பதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.