மரியாள் வாசல்

"சோத்துப் பார்சலோட உள்ளுக்குப் போகேலாது."

அந்தக் குரலைக் கேட்டதும் பாலசுந்தரி நிமிர்ந்து பார்த்தாள். பேராலயத்தின் மரியாள் வாசலில் உள்ள நூதனசாலைக்குக் காவல் இருந்தவள் றஞ்சிதா. கல்குடா வீதி விபத்துக்குப் பிறகு இருவரும் இன்றுதான் நேருக்கு நேர் பார்க்கிறார்கள். இரண்டு வீட்டிலும் மகனின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

"ஆரு உங்கள இஞ்ச வரச் சொன்ன?"

"ஓட்டோக்காரனுக்கு நான் சொன்னது ஒண்டு, கேட்டது வேறொண்டு. இஞ்ச இறக்கிப்போட்டுப் பெயித்தான். வழி கேக்க வந்தன், தங்கச்சி."

"தங்கச்சி எண்டு கூப்பிடாதீங்க. பாக்கிறெண்டாப் பாருங்க, இல்லாட்டி நடையைக் கட்டுங்க."

மன்னிப்பு என்ற ஒரு வார்த்தையை ஒரு மாதமாக நெஞ்சில் சுமந்தவள் பாலசுந்தரி. அதைச் சொல்லாமல் திரும்ப மனமின்றி உள்ளே போனாள். பார்சலை விடவில்லை.

இத்தாலியிலிருந்து வந்த பழங்காலத்துப் படங்களில் புனிதர்கள் பொன் பூச்சுக்குள் நின்றார்கள். நடுவில் மரத்தில் செதுக்கிய மரியாள். மடியில் இறந்த மகன், ஒரு கை கீழே தொங்கியபடி.

றஞ்சிதா நிழல்போல் பின்னாலேயே வந்தாள்.

"கிட்டப் போகாதீங்க. பார்சலக் கீழ வைக்காதீங்க, நிலம் எண்ணெயாகும்."

"வைக்கமாட்டன். சூடு போயிரும்." பாலசுந்தரி அதை மார்போடு அணைத்தாள். மகனுக்கு விருப்பமான கணவாய்க் கறி. படையலுக்குச் சமைப்பதுபோல் அத்தனை பக்குவமாகச் சமைத்திருந்தாள். "அவனுக்கு இது எண்டா..."

"அவன்ட கதைய இஞ்ச எடுக்காதீங்க."

"றஞ்சிதா, என்னை மன்னி..."

"வேணாம். உங்கட வார்த்தையால ஆரும் எழும்பி வரப்போறல்ல. வெளிய போங்க."

பாலசுந்தரி தலைகுனிந்து திரும்பினாள். கண்ணீர் பார்சலின் தாளை நனைத்தது. வாசல்படியில் றஞ்சிதா அவளை மறித்து நின்றாள். பார்சலையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அதை மெல்லத் தொட்டாள். இன்னும் இளஞ்சூடு இருந்தது.

திரும்பி ஒருமுறை மரியாளின் மடியைப் பார்த்தாள். வெயிலுக்குள் இறங்கி, வீதியில் வந்த ஓட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். பாலசுந்தரியைத் தானே ஏற்றினாள். சாரதியிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்:

"மரியாள் வாசல் இல்ல தம்பி, மறியல் வாசல். ஜெயிலுக்கு விடு. இவட மகன் பசியோட இருப்பான்."