பரவாயில்லை

பதினெட்டு வருஷம் தையல் மெஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்ததில் பாப்பாத்தியின் இடுப்பு போய்விட்டது. திருப்பூரில் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனி, பத்து முறை பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்திருந்தது. நான்காம் முறை போனபோது பட்டியலில் அவள் பெயரே இல்லை.

"உங்களுக்குச் சரியாயிருச்சுன்னு முடிச்சு வச்சிருக்குங்கக்கா" என்றாள் தெரபிஸ்ட் மெர்லின், சுவரில் இருந்த கருவியைக் கண்ணால் காட்டி. நோயாளிக்கு வலி போய்விட்டதா என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. அறையில் நடக்கும் பேச்சைப் பதிந்து அந்தக் கருவியே கண்டுபிடித்துக்கொள்கிறது.

"நான் எப்ப கண்ணு அப்படிச் சொன்னேன்? குனிஞ்சு செருப்புகூட மாட்ட முடியறதில்ல."

மெர்லின் பதிவைப் போட்டுக் காட்டினாள். போன வாரம் அவள் அரை மணி நேரம் தாமதமாக வந்து மன்னிப்புக் கேட்டிருந்தாள். அதற்குப் பாப்பாத்தி சொன்னது தெளிவாகக் கேட்டது: "பரவாயில்ல கண்ணு."

"வலி பரவாயில்லைன்னு எடுத்துக்கிச்சு. திங்கக்கிழமையிலிருந்து வேலைக்கு வருவீங்கன்னு கம்பெனிக்கும் சொல்லிருச்சு. என்னால மாத்த முடியாதுங்கக்கா."

பாப்பாத்தி மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். "வலிக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு எழுதிய ஆளுக்குக் கருவி பதில் சொல்லவில்லை.

"என்னாலதான். மன்னிச்சுக்குங்கக்கா." மெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாய்வரை வந்த வார்த்தையைப் பாப்பாத்தி விழுங்கிக்கொண்டாள். அந்தச் சுவர் அதை இன்னொரு தரம் கேட்கக் கூடாது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நடந்தாள். பதிலுக்காக மெர்லின் கதவு வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.